எலும்பு வெளியே தெரிந்தால்: கால் காயங்களும் பக்கத்துச் சதையும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டி இருக்கிறது நூம்பல். பெங்களூர் போகும் சரக்கு லாரிகளும், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களும், அவற்றுக்கு நடுவே பைக்குகளும் இரவு பகலாக ஓடும் சாலை அது. இந்தப் பகுதியில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தால் தலைக்கு அடுத்தபடியாக அடிவாங்குவது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள கால்தான். வண்டிக்கும் சாலைக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் கால். லாரிச் சக்கரம் உரசிப்போன கால். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அந்த ஆண்டு நாடு முழுவதும் விபத்துகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். காலோடு பிழைத்தவர்கள், கால் போய்ப் பிழைத்தவர்கள், காலை வைத்துக்கொண்டும் ஆண்டுக்கணக்கில் சீழோடு வாழ்கிறவர்கள் ஆகியோரைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சதையையும் தோலையும் திருப்பி வைத்துக் காயத்தை மூடும் அறுவைச் சிகிச்சை அவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது என்பதைப் பற்றியது.

கணைக்காலின் முன்புறத்தைத் தடவிப் பார்த்தால் சங்கதி புரியும். தொடையில் எலும்பைத் தொட முடியாது, சுற்றிலும் தசை. கணைக்காலில் டிபியா என்ற பெரிய எலும்பின் உள்பக்க முகம் முழுநீளத்துக்கும் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. இடையில் தசை கிடையாது. அங்கே தோல் கிழிந்தால் எலும்பு வெளியே வந்துவிடும். எலும்பின் மேல் பெரியாஸ்டியம் என்ற மெல்லிய உறை ஒட்டியிருக்கும்வரை தொடையிலிருந்து சீவி எடுத்த தோலை அதன்மேல் ஒட்டலாம். உறை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால் ஒட்டுத் தோல் பிடிக்காது. அது பிழைக்க அடியிலிருந்து ரத்தம் ஊற வேண்டும். வெறும் எலும்பு அதைத் தராது. உறை போன தசைநாணும் தராது, உள்ளே வைத்த ஸ்டீல் பிளேட்டும் தராது. அந்த இடத்தில் தேவைப்படுவது தன் ரத்த ஓட்டத்தைத் தன்னோடு கொண்டுவரும் சதை. மருத்துவர்கள் ஃபிளாப் (மடல்) என்கிறார்கள்; வார்டில் உறவினர்களிடம் சொல்லும்போது ‘சதை வைத்து மூடணும்’ என்கிறார்கள். நாற்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவதைப் போன்ற வேலை இது. ஒரு பக்கம் உடலோடு ஒட்டியபடியே இருக்கும், அந்தப் பக்கத்தில் ரத்தக்குழாய் ஓடும், மறுபக்கம் காயத்தின்மேல் போய்ப் படியும்.

எலும்பு முறிந்து தோலும் கிழிந்த காயங்களை 1976இல் குஸ்டிலோவும் ஆண்டர்சனும் வகைப்படுத்தினார்கள். 1984இல் அதன் மூன்றாம் வகை மேலும் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதில் நடுவில் உள்ள ‘மூன்று பி’ என்பதுதான் நம் பேச்சுக்கு உரியது. எலும்பு நொறுங்கி, அதன் உறை உரிந்து, மண்ணும் கிரீஸும் உள்ளே போய், மூடத் தோல் இல்லாத கால் அது. எலும்பு மருத்துவர் கம்பி போட்டு எலும்பை நேராக்கிவிடுவார். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் மேலே மூடவில்லை என்றால் அந்த எலும்பு காயத் தொடங்கும். காய்ந்த எலும்பு செத்த எலும்பு. செத்த எலும்பில் கிருமி குடியேறினால் எந்த ஆன்டிபயாடிக்கும் அங்கே போய்ச் சேராது, ஏனென்றால் மருந்தைக் கொண்டு போக ரத்தம் இல்லை. பிறகு சீழ், திரும்பத் திரும்ப ஆபரேஷன், எலும்பு கூடாமை, கடைசியில் காலை எடுப்பது என்று அந்தக் கதை நீளும்.

எவ்வளவு நேரத்துக்குள் மூட வேண்டும் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தவர் ஸ்லோவேனியாவின் லூப்லியானா நகரத்தில் பணியாற்றிய மார்கோ கோடினா. 532 நோயாளிகளின் விவரங்களை அவர் அலசினார். காயம்பட்ட 72 மணி நேரத்துக்குள் நன்றாகச் சுத்தம்செய்து சதை வைத்து மூடியவர்களில் அந்தச் சதை கெட்டுப்போனது 0.75 சதவீதம் பேருக்குத்தான். 72 மணி நேரத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் 12 சதவீதம். தொற்று முதல் பிரிவில் 1.5 சதவீதம், இரண்டாம் பிரிவில் 17.5 சதவீதம். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1986இல் வெளிவந்தபோது கோடினா உயிரோடு இல்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் செய்தது தொலைவிலிருந்து சதையைக் கொண்டுவந்து நுண்ணோக்கியின் கீழ் ரத்தக்குழாய் இணைக்கும் சிகிச்சை. ஆனால் காலம் பற்றிய அவருடைய பாடம் பக்கத்துச் சதைக்கும் பொருந்தும். ஒரு வாரம் கடந்த காயத்தைச் சுற்றியுள்ள தோல் வீங்கித் தடித்து, ரத்தக்குழாய்கள் தழும்பில் புதைந்து போயிருக்கும். அப்போது பக்கத்துச் சதையைத் திருப்புவதும் கடினமாகிவிடுகிறது.

பக்கத்துச் சதையைத் திருப்பும் யோசனை நம் நாட்டில் மிகப் பழையது. கன்னத்துச் சதையால் மூக்கைத் திருத்துவது சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. புனே பகுதியில் நெற்றித் தோலைத் திருப்பி ஒருவருக்கு மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் இதழில் படத்தோடு வந்ததும் பலரும் அறிந்ததே. ஆனால் முகத்தில் எளிதாகக் கைகூடியது காலில் கூடவில்லை. முகத்தில் ரத்த ஓட்டம் அபாரம். கணைக்காலிலோ தோலை அகலத்துக்குச் சமமான நீளத்துக்கு மேல் உயர்த்தினால் நுனி கறுத்துவிடும். அதனால்தான் 1854இல் அமெரிக்காவின் ஃபிராங்க் ஹாமில்டன் மறுகாலின் தோலைக் கொண்டுவந்து இந்தக் காலில் ஒட்டும் ‘கிராஸ் லெக்’ முறையைச் செய்தார். இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று மாவுக்கட்டில் இணைத்து மூன்று வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துவிடும், பிறகு இணைப்பை வெட்டிவிடுவார்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும் இந்த முறையை இன்றும் இந்திய மருத்துவமனைகள் முழுவதும் கைவிடவில்லை. வேறு வழியே இல்லாத காலுக்கு அது இன்னும் வழியாகத்தான் இருக்கிறது. அதைப் பழமை என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

திருப்பம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1960களில் ரால்ஃப் கெர் கணைக்காலின் தசைகளையே திருப்பி எலும்பை மூடிக் காட்டினார். 1981இல் ஸ்வீடனின் போன்டென் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்தார். தோலை மட்டும் எடுக்காமல், தசைக்கு மேலுள்ள கெட்டியான சவ்வையும் சேர்த்து உயர்த்தினார். சவ்வோடு சேர்ந்த ரத்தக்குழாய் வலையும் கூடவே வந்தது. அகலத்தைப் போல இரண்டரை மடங்கு நீளமுள்ள மடல்கள் கணைக்காலில் பிழைத்தன. 1987இல் மெல்பர்னின் டெய்லரும் பால்மரும் உடம்பு முழுவதையும் ஏறத்தாழ நாற்பது ரத்தக்குழாய் எல்லைகளாகப் பிரித்து வரைபடம் தந்தார்கள். 1989இல் ஜப்பானில் கோஷிமா, தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் ஒரே ஒரு சிறு குழாயை நம்பியும் ஒரு மடல் பிழைக்கும் என்று காட்டினார். 1991இல் ஹ்யாகுசோகு ‘புரொபெல்லர்’ மடலைப் பற்றி எழுதினார். 1992இல் பிரான்ஸின் மாஸ்க்லே கெண்டைக்காலின் பின்புறத் தோலை நரம்போடு சேர்த்துக் கீழ்நோக்கித் திருப்பும் முறையைத் தெளிவாக்கினார். தோலுக்கு ரத்தம் எந்த வழியில் வருகிறது என்று தெரியத் தெரியச் சதையை நகர்த்தும் தைரியம் கூடியது.

அறுவை அரங்கில் கணைக்காலை மூன்று பங்காகப் பிரித்துத்தான் யோசிக்கிறார்கள். மேல் பங்கில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு தெரிந்தால் கவலை குறைவு. கெண்டைக்கால் தசையான கேஸ்ட்ரோக்னீமியஸின் இரண்டு தலைகளில் உள்பக்கத் தலையைக் கீழே வெட்டி மேலே திருப்பி மூடிவிடலாம். அதற்கு ரத்தம் முழங்காலின் பின்னாலிருந்து ஒரே ஒரு உறுதியான குழாய் வழியாக வருகிறது. எடுத்ததால் நடை கெடாது. மறு தலையும் அடியில் உள்ள சோலியஸும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நடுப் பங்குக்கு அந்தச் சோலியஸ். அது ரத்தம் நிறைந்த தசைதான், ஆனால் எலும்பை ஒட்டியே கிடப்பதால் எலும்பு நொறுங்கும்போது அதுவும் நசுங்கியிருக்கக்கூடும். திறந்து பார்க்காமல் அதை நம்ப முடியாது.

சிக்கல் எல்லாம் கீழ்ப் பங்கில்தான். கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் தசை முடிந்து வெறும் நாண்கள் தொடங்கிவிடும். திருப்பச் சதையே இல்லை. பெரிய மருத்துவமனை என்றால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை முழுதாக வெட்டி எடுத்து, நுண்ணோக்கியில் ரத்தக்குழாய்களை இணைப்பார்கள். அதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், பயிற்சி பெற்ற குழு, இரவெல்லாம் மணிக்கொரு முறை பார்க்கும் செவிலியர்கள் வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கைகொடுப்பது மாஸ்க்லேயின் தலைகீழ்ச் சூரல் மடல். கெண்டைக்காலின் பின்புறத்தில் ஒரு தோல் துண்டு, அதிலிருந்து கீழே ஓடும் சூரல் நரம்பு, அதனோடு ஒரு சிரை, சுற்றிலும் நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் கொழுப்பும் சவ்வும்: இவ்வளவையும் சேர்த்து எடுத்து, வெளிக்கணுக்காலுக்கு மேலே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் உள்ள ரத்தக்குழாயை அச்சாக வைத்துக் கீழே திருப்புகிறார்கள். நுண்ணோக்கி வேண்டாம், பெரிய ரத்தக்குழாய் எதையும் பலிகொடுக்கவும் வேண்டாம். பாதத்தின் வெளிஓரம் மரத்துப்போகும், அதுதான் விலை. குதிகால், கணுக்கால், கணைக்காலின் கீழ்ப்பகுதி மூன்றுக்கும் எட்டும். மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் நிறையக் கால்களைக் காப்பாற்றக்கூடிய ஆபரேஷன் எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். ரத்தம் உள்ளே வருவது பெரிய பிரச்சினையல்ல, வெளியே போவதுதான் பிரச்சினை. சிரையின் வால்வுகளுக்கு எதிர்த்திசையில் ரத்தம் ஏற வேண்டியிருப்பதால் மடல் நீலமாகி வீங்கும். இணைப்புப் பகுதியைத் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் நுழைக்காமல் திறந்து வைத்து அதன்மேல் தோல் ஒட்டுவது, நோயாளி அதன்மேல் படுத்து நசுக்காமல் பார்ப்பது, காலை உயர்த்தி வைப்பது, ஆபத்து அதிகமுள்ளவருக்கு மடலை ஒரே நாளில் திருப்பாமல் பாதி உயர்த்தி ஒன்றிரண்டு வாரம் பழக்கிவிட்டுத் திருப்புவது என்று அனுபவம் சொல்லித்தந்த வழிகள் பல. 2003இல் பாமைஸ்டரும் கூட்டாளிகளும், வேறு நோய்களும் நிறைய உள்ளவர்களுக்குச் செய்த 70 மடல்களை நேர்மையாகக் கணக்கெடுத்தபோது 36 சதவீதத்தில் பகுதியோ முழுவதுமோ கறுத்துப்போயிருந்தது. சர்க்கரை நோய், புகைப் பழக்கம், அடைத்த ரத்தக்குழாய் உள்ளவர்களிடம் இதை எளிய ஆபரேஷன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

புரொபெல்லர் மடல் இன்னும் நுட்பமானது. பேனா அளவுள்ள டாப்ளர் கருவியால் தோலுக்கு வரும் சிறுகுழாயின் சத்தத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதை மட்டும் மிச்சம் வைத்து, மடலை 180 பாகை வரை சுழற்றிக் காயத்தின்மேல் விடுகிறார்கள். கீழ்ப்பங்கிற்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 186 மடல்களில் கால்வாசிக்கு ஏதோ ஒரு சிக்கல் இருந்தது. பகுதி கறுப்பதுதான் அதிகம். உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ்ப் பொறுமையாகக் குழாயைப் பிரித்தெடுக்கும் கை இல்லையென்றால் தொடாமலிருப்பது நல்லது.

பக்கத்துச் சதையை ஆதரித்துப் பேசும் எவரும் தாண்டிப் போகக் கூடாத ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் கால் காயங்களைப் பற்றி நடந்த பெரிய ஆய்வான ‘லீப்’பின் ஒரு பகுதியாக, 2000இல் போலக் குழுவினர் டிபியா காயங்களில் பக்கத்துத் தசையைத் திருப்பியவர்களையும் தொலைவிலிருந்து சதை கொண்டுவந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். எலும்பு மிக மோசமாக நொறுங்கியவர்களில், பக்கத்துத் தசை வைத்தவர்களுக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும் காயச் சிக்கல் 4.3 மடங்கு அதிகமாக இருந்தது. காரணம் எளிது. எலும்பை நொறுக்கிய விசை பக்கத்துத் தசையையும் தாக்கியிருக்கிறது. வெளியே நல்ல நிறத்தில் இருக்கும் தசை உள்ளே செத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே பைக்கிலிருந்து சரிந்து விழுந்த காலுக்கும், லாரிச் சக்கரம் ஏறிய காலுக்கும் ஒரே பதில் கிடையாது. முதலாவதற்கு உள்ளூரிலேயே பக்கத்துச் சதை. இரண்டாவதை, நுண் அறுவை வசதியுள்ள இடத்துக்கு அன்றே அனுப்புவதுதான் நியாயம்.

இந்தத் தீர்ப்பைச் சொல்ல மருத்துவருக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை உலகத்துக்குத் தந்தது தமிழ்நாடு. கோவை கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் பிளாஸ்டிக் சர்ஜன் எஸ். ராஜா சபாபதியும் சகோதரர்கள். எலும்புத் துறையும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையும் முதல் நாளிலிருந்து ஒரே மேசையில் நிற்பது அங்கே வழக்கமானது. அங்கிருந்து 2006இல் வெளிவந்த கங்கா மதிப்பெண் முறை, தோல், எலும்பு, தசையும் நரம்பும் என மூன்றையும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, வயது, சர்க்கரை, தாமதம் போன்றவற்றுக்கு மேலும் இரண்டிரண்டு மதிப்பெண் சேர்க்கிறது. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது, இடையில் உள்ளவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு. வெளிநாட்டு அளவுகோல்கள் காலை வைப்பதா எடுப்பதா என்று மட்டும் கேட்டன; கங்கா முறை தோலுக்குத் தனி மதிப்பெண் கொடுத்ததால், யாருக்குச் சதை மடல் தேவை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறது.

சென்னைக்கும் தன் பங்கு உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைத் துறையை வளர்த்த ஆர். வெங்கடசாமி, சரிவாக வெட்டுப்பட்ட விரல் நுனியை அதே விரலின் தோலால் மூடும் முக்கோண மடலை 1980இல் உலகுக்கு அறிவித்தார். அது காலுக்கானதல்ல. இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்ட தொழிலாளிக்கானது. ஆனாலும் பக்கத்துத் தோலை மதித்த மரபு இந்த நகரத்துக்குச் சொந்தம் என்பதற்கு அது சான்று.

விபத்துக் காயத்தைப் போலவே ஆறாத சர்க்கரைப் புண்ணும் இந்தப் பகுதியில் நிறைய. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு என்றது. இந்தப் புண்ணுக்கு மடல் முதல் சிகிச்சையாக இருக்கவே கூடாது. காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்து, அடைப்பு இருந்தால் திறந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புண்ணின்மேல் எடை விழாமல் செய்த பிறகுதான் மூடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். உணர்வற்ற பாதத்தின் புண்ணுக்குக் காரணம் நோய்க்கிருமி அல்ல, திரும்பத் திரும்ப அழுத்தும் எடைதான் என்று வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய பால் பிராண்ட் காட்டினார். அழுத்தத்தைப் பாதம் முழுதும் பரப்பும் மாவுக்கட்டும், மென்ரப்பர் செருப்பும் அந்த அறிவைப் பயன்படுத்துபவை. செருப்பை மாற்றாமல் குதிகாலுக்கு எவ்வளவு நல்ல மடல் வைத்தாலும் புண் அதே இடத்தில் திரும்ப வரும்.

வாக் எனப்படும் உறிஞ்சு கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997இல் அர்ஜென்டாவும் மொரிக்வாஸும் அறிமுகப்படுத்திய பிறகு அது எங்கும் பரவிவிட்டது. நீரை உறிஞ்சி, வீக்கம் குறைத்து, சிவந்த சதையை வளர்க்கிறது. மடல் வைக்கும்வரை காயத்தைப் பாதுகாக்கும் நல்ல இடைக்கால ஏற்பாடு. ஆனால் அதையே சிகிச்சையாக நினைத்து வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டே போகும்போது அடியில் எலும்பு செத்துக்கொண்டிருப்பது வெளியே தெரிவதில்லை.

கடைசியாகப் பணமும் காலமும். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. விபத்தில் அடிபட்ட எவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எத்தனையோ உயிர்களுக்கு அது அரண். ஆனால் கால் காயத்துக்கு அந்த எல்லை பொருந்தி வரவில்லை. முதல் நாள் சுத்தம்செய்து கம்பி போட்டு, இரண்டாம் நாள் மறுபடி பார்த்து, மூன்றாம் நாள்தான் மடல் வைக்க வேண்டியிருக்கும். திட்டம் முடிகிற மணியில் முக்கியமான ஆபரேஷன் தொடங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதில் தொடரலாம். அட்டை இல்லாதவர்கள் வேறு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கையிலிருந்து கட்ட வேண்டும். நூம்பல், வேலப்பன்சாவடி சுற்றுவட்டாரத்தில் அறையெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளிக்கு இந்த இடைவெளியில்தான் கால் போகிறது. திறந்த எலும்பு முறிவுக்கு மட்டுமாவது 48 மணி நேரத்தை ஏழு நாளாக நீட்டினால் பல கால்கள் பிழைக்கும். அரசு இதைச் செய்ய வேண்டும்.

நூம்பலிலிருந்து அதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும், சாலை முடியும் இடத்தில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு. தூரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். கால் போவது தூரத்தால் அல்ல. சிறிய மருத்துவமனையில் ‘புண் ஆறட்டும், பார்க்கலாம்’ என்று கழியும் வாரங்களால் போகிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பக்கத்துச் சதை மடல் வைக்கத் தெரிந்த ஒரு சர்ஜன் இருக்க வேண்டும். எலும்பு மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் கெண்டைக்கால் தசை மடலையாவது தாமே செய்யக் கற்றிருக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது கால் அடிபட்டு எலும்பு தெரிந்தால் அதன்மேல் மஞ்சளோ காப்பித் தூளோ போடாதீர்கள். எலும்புக் கட்டுக் கட்டுபவரிடம் கொண்டு போகாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்களா என்று பாருங்கள். காயம்பட்டவர் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி போட்டு முடித்த மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள்: இந்த எலும்பை யார் மூடப் போகிறார்கள், எந்த நாளில்? மூன்று நாளுக்குள் ஒரு தேதி சொல்லவில்லை என்றால், காலை வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள்.